பந்தியும் ஐக்கியமும்

கிறிஸ்தவ ஐக்கியத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மகாநாடுகளையும் உடன்படிக்கைகளையும், தூரதேசத்து நகரங்களில் கூடிப் பிரகடனங்களில் கையொப்பமிடும் பேரவைகளையும் பற்றியே பேசி முடித்துவிடுகிறார்கள். ஆனால் புதிய ஏற்பாட்டை நிதானமாக வாசிக்கிற எவருக்கும், அந்த ஐக்கியம் முதன்முதலில் சோதனைக்குள்ளானதும், அச்சோதனையில் தோற்றதும், யாரோ ஒருவருடைய வீட்டுச் சாப்பாட்டுப் பந்தியில்தான் என்பது தெரியாமற் போகாது. சபைகள் ஒன்றாவது எளிது என்று நான் சொல்லவில்லை. ஒரே சபைக்குள் இருக்கிற இருவர், அதிலும் ஒருவரையொருவர் நன்றாக அறிந்த இருவர், ஒருவருக்கொருவர் இணங்கிப் பணிவது அதைவிடக் கடினமானது என்றும், அது நடவாத இடத்தில் மற்றவையெல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும் என்றும் மாத்திரமே சொல்ல வருகிறேன்.

கொரிந்து பட்டணம் கி.மு. 146-இல் ரோமரால் அழிக்கப்பட்டு, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, கி.மு. 44-இல், ஜூலியஸ் சீசரின் ஆணையால் மீண்டும் குடியேற்றம் பெற்ற ஊர். அங்கே குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். ஆகையால் பரம்பரைப் பெருமை இல்லாமல், வியாபாரத்தால் புதிதாய்ப் பொருள் சேர்த்து, அந்தப் பொருளைக் கொண்டு அந்தஸ்தைத் தேடுகிற ஒரு பதைபதைப்பு அவ்வூரின் காற்றிலேயே கலந்திருந்தது. சபைக்கென்று அங்கே கோயில் கட்டடம் கிடையாது. சபையார் அனைவரையும் உபசரித்த காயு என்பவனைப் பற்றியும், பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து என்பவனைப் பற்றியும் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில் குறிப்பு வருகிறது. இப்படிப்பட்ட வசதியுள்ள ஒருவருடைய வீட்டில்தான் கர்த்தருடைய பந்தி நடந்திருக்க வேண்டும். அக்காலத்து ரோம வீடுகளில் சாய்ந்து உண்பதற்கென்று அமைந்த உணவறையில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கே இடமிருக்கும். மிஞ்சியவர்கள் முற்றத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். பொழுதோடு வரக்கூடிய ஓய்வுள்ளவர்கள், வீட்டுக்காரருடைய சிநேகிதர்கள், உள்ளறையில் சாய்ந்து தாங்கள் கொண்டுவந்த நல்ல பதார்த்தங்களை உண்டு முடிப்பார்கள். துறைமுகத்தில் சுமை இறக்கிவிட்டு வருகிற கூலிக்காரனும், எஜமான் படுக்கைக்குப் போனபிறகே வெளியே வரமுடிகிற அடிமையும், இருட்டிய பின் வந்து சேர்ந்து, முற்றத்தில் உட்கார்ந்து, காலிப் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவன் பசியாயிருக்க, மற்றொருவன் வெறிகொண்டிருந்த காட்சியைப் பவுல் தம் நிருபத்தில் மறைக்காமல் எழுதுகிறார்.

உலகெங்கும் நற்கருணை ஆராதனையில் இன்றைக்கும் நினைவுகூரப்படுகிற, இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியின் விருத்தாந்தத்தைப் பவுல் அந்த நிருபத்தில் எடுத்துச் சொன்னது, அப்பத்தின் தத்துவத்தை விளக்குவதற்காக அல்ல. இந்தச் சாப்பாட்டு அவலத்தைத் திருத்துவதற்காகவே அதைச் சொன்னார். அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லி அவர் முடிவாய்க் கொடுக்கிற கட்டளையோ மிகச் சிறியது: கூடிவரும்போது மற்றவர்கள் வரும்வரைக்கும் காத்திருங்கள் என்பதே. யார் காத்திருக்கமுடியும் என்று வாசகர் சற்று யோசிக்கவேண்டும். அடிமையால் சீக்கிரம் வரமுடியாது. அவனுடைய நேரம் அவனுக்குச் சொந்தமில்லை. காத்திருக்கக் கூடியவன் ஓய்வுள்ளவன் ஒருவனே. ஆகவே அப்போஸ்தலன் கேட்கிற பணிவு, அந்தப் பந்தியிலே, உள்ளறையிலிருந்து முற்றத்தை நோக்கி நடக்கிற பணிவாயிருக்கிறது. முற்றத்திலிருப்பவனுக்கு, நீ பொறுத்துக்கொள், அதுவே சமாதானம் என்று அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

இந்தப் போக்கை அவருடைய மற்ற நிருபங்களிலும் காணலாம். பிலிப்பி சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு ஸ்திரீகள் மனம் பேதித்திருந்தார்கள். எதனால் என்று நமக்குச் சொல்லப்படவில்லை, யார் பேரில் நியாயம் என்று பவுலும் சொல்லவில்லை. இருவரையும் தனித்தனியே பேர் சொல்லிக் கேட்டுக்கொண்டு, பக்கத்திலிருக்கிற ஒருவரை அவர்களுக்கு உதவும்படி ஏவுகிறார். கிறிஸ்து தெய்வ ரூபமாயிருந்தும் அடிமையின் ரூபமெடுத்துத் தம்மைத் தாழ்த்தினார் என்று வேதசாஸ்திரிகள் ஆயிரத்தெண்ணூறு வருஷங்களுக்கு மேலாக ஆராய்ந்துவருகிற அந்த மகத்தான பகுதி, அதே நிருபத்தில் இரண்டு அதிகாரங்களுக்கு முன்பாக நிற்கிறது. ஓர் ஊர்ச் சபையில் இருவர் மறுபடியும் முகம்பார்த்துப் பேசவேண்டும் என்கிற காரியத்துக்கு அவ்வளவு பெரிய அஸ்திவாரம் வேண்டியிருந்தது என்பதே என் கருத்து.

எபேசியருக்கு எழுதின நிருபம், தெய்வபயத்தோடு ஒருவருக்கொருவர் கீழ்ப்படியவேண்டும் என்கிற பொதுவான விதியை முன்வைத்துவிட்டு, அதற்குப் பிறகே மனைவி, புருஷன், பிள்ளை, தகப்பன், வேலைக்காரன், எஜமான் என்று ஒவ்வொருவராய் அழைத்துப் பேசுகிறது. நம்முடைய பிரசங்க மேடைகளில் மனைவிமாருக்கும் வேலைக்காரருக்கும் சொன்னது மட்டும் உரத்த குரலில் கேட்கிறது; மனைவிக்காகத் தன்னையே ஒப்புக்கொடுக்கும்படி புருஷனுக்கும், பயமுறுத்தலை விட்டுவிடும்படி எஜமானுக்கும் சொன்னதை வாசிக்கும்போது குரல் இறங்கிவிடுகிறது. கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குப் பணிவது அன்றைய ரோம சாம்ராஜ்யத்துக்குத் தெரியாத புதுமையல்ல; அதற்காக ஓர் அப்போஸ்தலன் சிறையிலிருந்து எழுதவேண்டிய அவசியமுமில்லை. அந்தப் பணிவைப் பரஸ்பரமானதாக்கியதுதான் புதுமை. அதில் ஒரு பாதியை வெட்டியெறிந்துவிட்டு மறுபாதியை உபதேசிக்கிறவர், கிறிஸ்தவத்தின் பெயரால் பழைய ரோமாபுரியையே உபதேசிக்கிறார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். பணிவு என்றால் அநியாயத்தைக் கண்டும் வாய்மூடியிருப்பதா? அந்தியோகியாவில் நடந்ததே இதற்கு விடை. புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடனே, அவர்களுக்கு அஞ்சி எழுந்து விலகிக்கொண்டார்; அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள்; பர்னபாவும் இழுபட்டான். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். சபைக்குள் முதல்வராயிருந்த ஒருவரைச் சபை நடுவே கண்டித்தது பணிவுக்கு விரோதமானதன்று. பந்தியிலிருந்து எழுந்துபோனதே ஐக்கியத்தைப் பிளந்த செயல். இத்தனைக்கும் பிறகு, பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபம் பவுலைப் பிரியமான சகோதரன் என்றே குறிப்பிடுகிறது. கண்டிக்கப்பட்டவரின் பெயரோடு அந்த வார்த்தையைச் சேர்த்துப் பாதுகாத்த ஆதிச் சபையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி நம்முடைய நாட்டுக்கு வருவோம். ஏனெனில் கொரிந்துவில் எழுந்த அதே கேள்வி, அதே பந்தியைப் பற்றிய கேள்வியாக, தமிழ்நாட்டுச் சபைகளில் இருநூறு வருஷங்களுக்கு மேல் எழுந்துகொண்டிருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் வந்திறங்கிய காலத்துக்குப் பின் உண்டான லுத்தரன் சபைகளில், ஒரே கூரையின் கீழ்ச் சாதிக்கொரு இடமாகப் பிரித்து உட்காருவதும், திருவிருந்துக்கு மேல்சாதியார் முன்னும் மற்றவர் பின்னுமாக வருவதும் வழக்கமாய் நிலைத்துப்போயின. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கர் 1872-இல் கட்டிய கோயிலுக்கு இரண்டு கைகள், நடுவே பீடம். ஒரு கையில் ஒரு சாதியார், மறு கையில் மற்றொரு சாதியார், இடையில் சுவர். ஊரார் அதைக் கால்சட்டைக் கோயில் என்றே அழைத்தார்கள். பீடத்திலே நிற்கிற குருவானவருக்கு இருசாராரும் தெரிவார்கள். இருசாராரும் ஒருவருக்கொருவர் தெரியமாட்டார்கள். ஐக்கியமின்மையை இதைவிடத் துல்லியமாக வரைந்து காட்டுகிற ஒரு கட்டடத்தை எந்தச் சிற்பியாலும் கற்பனை செய்ய முடியாது. 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது, இடித்தது தவறென்று வழக்குத் தொடுத்தவர்களும் சபையாரே. சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதிய கடிதத்தில், சாதி வேற்றுமைகள் சபையை விட்டு உடனே, முற்றிலும், என்றென்றைக்குமாக ஒழியவேண்டும் என்று ஆணையிட்டார். அவர் சொன்னது நியாயம், அதில் ஐயமில்லை. ஆனால் வேப்பேரியிலும் தஞ்சையிலும் மேல்சாதிச் சபையார் கூட்டமாக வெளியேறினார்கள். பின்னர் லுத்தரன் சபையினரான லைப்சிக் மிஷனார் இவ்விஷயத்தில் அனுசரணையாய் நடந்துகொண்டபோது பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இன்றும் எல்லாச் சபைகளிலும் நாம் உருகிப் பாடுகிற கீர்த்தனங்களை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் சாதியாசாரத்தைக் காப்பதற்காகவே வாதாடினார் என்பதை நினைக்கையில் துக்கம் மேலிடுகிறது. 1847-இல் அமெரிக்க மதுரை மிஷன் தன் உபதேசியார்கள் சாதி பாராமல் ஒன்றாய் உட்கார்ந்து உண்ணவேண்டும் என்று விதித்தபோதும், பலர் உண்பதைவிட வேலையை விடுவதே மேல் என்று விலகிப்போனார்கள்.

ஆணை நியாயமானதாயிருந்தும் ஏன் பந்தியில் பலிக்கவில்லை? சாதிப்பற்றின் கடினம் முதற்காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைப் பூசி மெழுகுவதற்கு எனக்குச் சம்மதமில்லை. ஆயினும் இரண்டாவது காரணமும் ஒன்று உண்டு. கட்டளையிட்டவர்கள் அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்களல்லர். தமிழர் ஒருவரோடொருவர் சரிசமமாக உண்ணவேண்டும் என்று சொன்ன துரைமார்களில் எத்தனை பேர் தமிழ் உபதேசியாரைத் தம் மேஜைக்கு அழைத்தார்கள்? இந்தக் கேள்வியை, அடக்கத்தோடும் அச்சமில்லாமலும், உலகமறியக் கேட்டவர் நம் திருநெல்வேலிச் சீமையார் ஒருவர்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துப் போதகருடைய மகனாய்ப் பிறந்தவர். 1910-இல் எடின்பரோ நகரத்தில் கூடிய உலக மிஷனரி மகாநாட்டில், பெரும்பாலும் ஐரோப்பியரும் அமெரிக்கருமாகிய அந்தப் பெருங்கூட்டத்தின் முன் எழுந்து, மிஷனரிமார் இந்தியாவுக்காகச் செய்த தியாகங்களையெல்லாம் மனமாரப் பாராட்டிவிட்டு, இவற்றோடு எங்களுக்கு நட்பையும் கொடுங்கள் என்று கேட்டார். கேட்டவர்களில் சிலருக்கு அது கசந்தது. கொடுப்பவன் மேலேயும் வாங்குபவன் கீழேயும் நிற்கிற வரைக்கும் எவ்வளவு கொடுத்தாலும் அது ஐக்கியமாகாது என்பதை அவர் சொல்லியே தீரவேண்டியிருந்தது. இரண்டு வருஷங்களுக்குப் பிறகு அவர் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லின் பிஷப்பானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பிஷப்பானது அதுவே முதல் தடவை. தமிழராகிய அவர் தெலுங்கு கற்று, மாலர் மாதிகர் ஆகிய இரு வகுப்பாருடைய ஏழைச் சபைகளுக்கு மேய்ப்பராய், தம் ஆயுளின் மிஞ்சிய காலத்தைச் செலவிட்டார். அந்த இரு வகுப்பாரும் ஊராரால் ஒருங்கே தள்ளப்பட்டிருந்தும், தங்களுக்குள் ஒருவர் கையால் ஒருவர் தண்ணீர் வாங்கக் கூசியவர்கள். மேலேயிருந்து மிதிபட்டவனுக்கும் கீழே ஒருவன் வேண்டியிருக்கிறான் என்கிற மனித இயல்பின் இந்தக் கொடுமையை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. தம் சபைகளில் தினந்தோறும் கண்டார்.

1919 மே மாதத்தில் அசரியாவும், ஏறத்தாழ எல்லாருமே இந்தியர்களாயிருந்த ஒரு சிறு கூட்டத்தாரும் தரங்கம்பாடியிலேயே கூடினார்கள். சுவிசேஷத்தை அறிவிப்பதைப் பற்றி யோசிக்க வந்தவர்கள், தங்களைப் பிரித்துவைத்திருந்த பிரிவினைகள் தாங்கள் உண்டாக்கியவையல்ல, வெளியேயிருந்து தங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்று உணர்ந்து, சபைகள் இணையவேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அதற்குப் பின் இருபத்தெட்டு வருஷப் பேச்சுவார்த்தை. முக்கியமான சிக்கல் பிஷப்மாரைப் பற்றியது: பிஷப் கைவைத்து அபிஷேகம் செய்யாத போதகரைப் போதகரென்று ஏற்கலாமா என்று ஆங்கிலிக்கர் தயங்கினார்கள், பிஷப் என்கிற பதவியே சபையின் சுயாதீனத்தை விழுங்கிவிடும் என்று, பிஷப்மாரில்லாத தென்னிந்திய ஐக்கிய சபையாரில் பலர் அஞ்சினார்கள். முடிவில் ஒருசாரார், பிஷப்பால் அபிஷேகம் பெறாத போதகர்களையும் மறு அபிஷேகமின்றி அப்படியே ஏற்றுக்கொள்ள இசைந்தார்கள். மறுசாரார், இனிமேல் நடக்கும் அபிஷேகமெல்லாம் பிஷப்பின் கையாலேயே நடக்கட்டும் என்று இசைந்தார்கள். எந்தச் சபையாரின் மனச்சாட்சிக்கும் விரோதமாக அவர்கள்மேல் ஒரு போதகரைத் திணிப்பதில்லை என்றும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்கள்.

1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னைப் புனித ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைக் காணவில்லை. 1945 ஜனவரி முதல் தேதியிலேயே கண்மூடிவிட்டார். இந்த இணைப்பு இலவசமாய்க் கிடைக்கவில்லை. இணைப்புக்கு அடுத்த வருஷம் கூடிய, ஆங்கிலிக்கன் பிஷப்மாரின் லாம்பெத் மகாநாடு புதிய திருச்சபையோடு முழு உறவைக் கொள்ளவில்லை. தங்கள் தாய்ச்சபையில் தங்களுக்கிருந்த ஸ்தானத்தை விட்டுக்கொடுத்தே ஆங்கிலிக்கர் அயலானுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நீ முதலில் உன் தவறை ஒத்துக்கொள், பிறகு நான் வருகிறேன் என்று எந்தச் சாராரும் சொல்லாமல், தங்களுக்கு அருமையானதை இருவரும் ஒரே சமயத்தில் கீழே வைத்தார்கள். பரஸ்பரக் கீழ்ப்படிதலுக்கு நவீன திருச்சபைச் சரித்திரத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அத்திருச்சபை 1950-இல் வெளியிட்ட திருவிருந்து ஆராதனை முறையில், சிரியன் கிறிஸ்தவரிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒரு வழக்கத்தைச் சேர்த்தார்கள். காணிக்கைக்கு முன்னதாகச் சமாதானம் கொடுக்கப்படும். கொடுப்பவருடைய வலது உள்ளங்கையை வாங்குபவர் தம் வலது உள்ளங்கையால் தொட்டு, இருவரும் இடது கையால் மற்றவருடைய வலது கையை மூடிக்கொள்வார்கள். குருவானவர் உடன் ஊழியருக்குக் கொடுப்பார். அவர்கள் இறங்கிவந்து முதல் வரிசையிலிருப்பவருக்குக் கொடுப்பார்கள். அங்கிருந்து அது வரிசை வரிசையாய், கைகள் வழியாய், கடைசியில் வாசற்படியோரம் உட்கார்ந்திருக்கிற கிழவி வரைக்கும் போகவேண்டும். ஒரு கரம் சற்றே தயங்கினாலும் அது அங்கே நின்றுவிடும். இக்காலத்தில் பல கோயில்களில் தூரத்திலிருந்தே கைகூப்பித் தலையசைத்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். கும்பிடுவது நம் நாட்டு மரியாதைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் தொடாமலே சமாதானம் சொல்வதற்கு இந்த நாட்டில் வேறோர் அர்த்தமும் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

மேலே இணைந்த சபை கீழே எவ்வளவு இணைந்தது என்று கேட்டால், உண்மையைச் சொல்லவேண்டும். 1947-இன் உடன்படிக்கை பிஷப்பையும் பிரஸ்பிட்டரையும் பற்றிய கேள்வியைத் தீர்த்தது. பக்கத்து வீட்டாரைப் பற்றிய கேள்வியைத் தீர்க்கவில்லை, அதனால் தீர்க்கவும் முடியாது. சேகரக் கமிட்டித் தேர்தல் வந்தால் சாதியையும் குடும்பத்தையும் எண்ணி அணி சேர்க்கிறோம். தோற்ற அணி நீதிமன்றத்துக்குப் போகிறது. சகோதரன் சகோதரனோடு வழக்காடுவதைவிட நஷ்டத்தைச் சகித்துக்கொள்வது மேல் என்று கொரிந்தியருக்கு எழுதப்பட்டதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே சபையில் அமைதியாய் வாசிக்கிறோம். பெண்கள் சங்கத்தார் ஐந்து வருஷமாய்க் கேட்டும் கிடைக்காத ஒரு காரியம், பண்ணையார் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் ஒரே மாதத்தில் நடந்துவிடுகிற சேகரங்களும் உண்டு. இதையெல்லாம் ஒழுங்கு என்றும் கீழ்ப்படிதல் என்றும் நாம் பேர்வைத்துக்கொள்கிறோம்.

இவ்வளவும் சொன்னபின், நம்மிடத்திலேயே இருக்கிற ஒரு நல்ல வழக்கத்தைச் சொல்லாமல் விடுவது நன்றிகெட்ட செயலாகும். தென்பாண்டிச் சீமைச் சேகரங்களில் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி அசனம் நடக்கும். முந்தின ராத்திரியே கோயில் வளாகத்தில் அடுப்பு மூட்டி, வீட்டுக்கு வீடு வாங்கிய அரிசியை அண்டா அண்டாவாய் வடித்துப் பாயில் கொட்டிக் குவிப்பார்கள்; இளைஞர் கூட்டம் விடிய விடியக் காய் நறுக்கும்; மறுநாள் ஊரே தரையில் உட்காரும், மற்ற மதத்தாரும் வந்து உட்காருவார்கள். இந்தப் பந்தியில் எவர் வீட்டு அரிசி எவர் இலையில் விழுகிறதென்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: குழம்பு வாளியை யார் தூக்குகிறார்கள்? கோயில்பிள்ளையும் சில ஏழைப் பையன்களுமே தூக்க, கமிட்டி அங்கத்தினர் முதல் பந்தியில் நாற்காலி போட்டு உட்காருகிற இடத்தில் அசனம் வெறும் சாப்பாடாகிவிடுகிறது. டாக்டரும் ஹெட்மாஸ்டரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறி, எல்லாரும் எழுந்தபின் அடிப்பானையில் மிஞ்சியதை உண்கிற சேகரங்களும் இருக்கின்றன. அங்கே பவுல் கேட்ட காத்திருத்தல் நடக்கிறது. அங்கே ஒருவரும் அதைப் பற்றிப் பிரசங்கம் செய்யவேண்டியதில்லை.

ஆகையால் சபையில் ஏதோ ஒரு ஸ்தானம் பெற்றிருக்கிற வாசகர்களுக்கு, அவர்கள் குருவானவராயிருந்தாலும் சரி, கமிட்டிக்காரராயிருந்தாலும் சரி, முன்வரிசைக் குடும்பத்தாராயிருந்தாலும் சரி, என் விண்ணப்பம் இது. ஐக்கியத்தைக் குறித்து இனி ஒரு கூட்டம் கூட்டுவதற்கு முன், உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். சாதிக்கொரு பக்கமாகப் பிரித்த கல்லறைகள் தமிழ்நாட்டில் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன. மரித்தோருக்கு நடுவிலும் சுவர் வைத்திருக்கிறோம். அப்படியொரு சுவர் உங்கள் தோட்டத்தில் இருக்குமானால், அதை எடுத்துவிடும்படி கேட்கிற மனுவைச் சுவருக்கு அப்பால் ஒதுக்கப்பட்டவர்கள் எழுதும்வரை காத்திராதீர்கள். இப்பால் நல்ல இடத்தை வைத்திருக்கிற நீங்களே எழுதி, முதல் கையொப்பத்தை நீங்களே போடுங்கள்.